நீலப் படுதா

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எல்லோரும் காகிதத்தோடு பிழைத்தவர்கள். தாத்தா தில்லையம்பலம் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. அப்பா தபால் இலாகாவில் தலைமைக் குமாஸ்தா. அண்ணன்மார் இருவரும் வங்கியில். நான் மட்டும் வேன் ஓட்டுகிறேன், அதுவும் ஆட்டுப்பால் வேன். கல்யாண வீடுகளில் அண்ணி என்னை "வாகீசன் டெய்ரி லைனில் இருக்கிறார்" என்று அறிமுகப்படுத்துவாள். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து, தினமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போடுகிற பழக்கம். ஆட்டுக் கொட்டகைக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

பால் யாக்கூப் பாயுடையது. லிம் சூ காங்கில் சாலை முடிந்து கடல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவருடைய கொட்டகை. அதில் நாற்பத்தாறு வெள்ளை ஆடுகள். சிங்கப்பூரில் ஆடா என்று வாயைப் பிளப்பவர்கள் நிறையப் பேர். தேக்காவில் எருமையின் பேரில் ஒரு தெரு இருக்கிறது, அங்கே ஒரு எருமைகூட இல்லை. அதற்கு யாரும் ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை.

பாய்க்கு அறுபத்திரண்டு வயது. அவரும் மனைவி ஜைனப் அக்காவும் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே, எனக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறார்கள். மகள் அஃப்னா கல்யாணமாகி கிளமெண்டிக்குப் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் இவர்கள் இரண்டு பேரும் ஆடுகளைப் பற்றிய பேச்சும்தான். பாய் பேசினால் அது சட்டம் மாதிரி இருக்கும். அக்கா அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் பாய் டிவி சத்தத்தைக் கூட்டுவார் என்பது புளோக்குக்கே தெரியும்.

ஆடுகளைப் பார்த்துக்கொள்ள மருதப்பன். சிவகங்கைப் பக்கம், செம்மறிக் கிடை போட்டுப் பிழைத்த குடும்பம். முப்பத்தெட்டு வயது. இங்கே வந்து மூன்று வருடமாகிறது. கொட்டகையை ஒட்டிய அறையில்தான் தங்கியிருந்தான். முதல் நாளே என்னிடம், "அண்ணே, ஆட்டுக்கு என்ன கொறைன்னு தெரியணும்னா வாயப் பாருங்க. அசை போடுதா, நல்லா இருக்குது. அசை நின்னுச்சா, உள்ள என்னமோ நடக்குது" என்று சொன்னான். அதிலிருந்து பால் கேன்களை ஏற்றும்போது நானும் ஆடுகளின் வாயைப் பார்க்க ஆரம்பித்தேன். அரைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போனது.

கொட்டகை தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் பலகை போட்டுக் கட்டியது. மேலே தகரக் கூரை, நான்கு பக்கமும் திறப்பு, உள்ளே ஆறு பெரிய மின்விசிறிகள். போன வருடம் மழைச் சாரலில் ஆறு ஆடுகளுக்குச் சளி பிடித்தபோது பாய் கனமான நீலப் படுதாக்களை வாங்கி நான்கு பக்கமும் சுருட்டிக் கட்டினார். மழை வந்தால் முடிச்சை அவிழ்த்து இறக்க வேண்டும். அதே வருடம் இடி விழுந்து ஒரு மோட்டார் எரிந்துபோனதால் இன்னொரு சட்டமும் வந்தது. வானம் இடித்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். மருதப்பனுக்கு இரண்டையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மழை என்றால் அவனுக்கு அப்படி ஒரு பயம். கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் வானம் கருத்தாலே போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு முடிச்சுகளிடம் ஓடுவான்.

இந்த மே மாதம் வெயிலும் மழையும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வந்தன. காலை பத்து மணிக்கே தார்ச்சாலை காலைச் சுட்டது. மதியம் ஒரு மழை கொட்டும். மழை நின்ற ஐந்தாவது நிமிடம் மறுபடியும் வெயில். தரையிலிருந்து ஆவி எழும். தேக்காவில் என்னிடம் பால் வாங்குகிற அழகேசன் குளுகுளு கடைக்குள் உட்கார்ந்துகொண்டு, "வெதர் ரொம்ப மோசம் லா" என்பார். அவருக்குத் தெரிந்த வெயில் காருக்கும் கடைக்கும் நடுவில் இருபது அடி.

அன்று வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். அக்கா வீட்டில் இருந்தார். நான் இரண்டு மணிக்கு இரண்டாம் நடைப் பாலை எடுக்கப் போனேன். மதிய மழை ஓய்ந்து வழியெல்லாம் சாலை காய்ந்து கிடந்தது, வெயிலில் கண் கூசியது. கொட்டகையின் நான்கு படுதாக்களும் இறங்கியிருந்தன. விசிறிச் சத்தம் இல்லை. ஆட்டுச் சத்தமும் இல்லை. 

படுதாவைத் தூக்கி உள்ளே தலையை விட்டதும் மூச்சு முட்டியது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது உள்ளே. ஆடுகள் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்தன, சில படுத்துவிட்டன. ஒன்றுகூட அசை போடவில்லை. மருதப்பன் நடுவில், 'சீமாட்டி' என்று அக்கா பேர் வைத்த பெரிய ஆட்டின் மேல் ஒரு கையைப் போட்டபடி கிடந்தான். தொட்டால் அவன் உடம்பு கொதித்தது. என்னமோ முனகினான், அது வார்த்தையாக வரவில்லை.

படுதாக்களை எப்படித் தூக்கினேன், அவனை எப்படி வெளியே இழுத்தேன் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. மாமரத்தடியில் போட்டு, ஆடுகளைக் கழுவுகிற குழாயால் தண்ணீர் அடித்தபடியே ஆம்புலன்சுக்குப் பேசினேன். பிறகு அதே குழாயோடு ஆடுகளிடம் ஓடினேன். ஆம்புலன்ஸ் வந்தது. பாய் வந்தார். டாக்சியில் அக்கா வந்தார். கடைசியாக ஆட்டு டாக்டர் தாரகா வந்தாள்.

மூன்று ஆடுகள் செத்துப்போயின. சினையாக இருந்த இரண்டு ஆடுகள் அன்று சாயங்காலமே குறைமாதத்தில் குட்டி வீசிவிட்டன. தாரகா ஒவ்வொரு ஆட்டுக்கும் காய்ச்சல் பார்த்து எழுதிக்கொண்டே போனாள். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்றரை, நாற்பத்திரண்டு.

"மழையில நனைஞ்சா இப்படி ஆகுமா டாக்டர்?" என்று பாய் கேட்டார்.

"நனையவே இல்ல அங்கிள், அதான் பிராப்ளம். ஆடு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய தள்ளும். மனுஷனுக்கு வேர்வை. சுத்தி இருக்கிற காத்துலயே ஈரம் ஃபுல்லா இருந்தா ரெண்டுமே வேலை செய்யாது. படுதாவை மூடினதும் காத்து நின்னுடுச்சு. ஃபேனும் இல்ல. ஹாஸ்பிட்டல்ல அந்த அண்ணனுக்கு ஹீட் ஸ்ட்ரோக்னு சொல்லியிருப்பாங்க. இங்க நான் எழுதறதும் அதே டயக்னோசிஸ்தான்."

பாய் செத்த ஆடுகளை மூடியிருந்த சாக்கைச் சரி செய்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அறிவு இருந்தா வெளிய வந்திருப்பான்ல?" என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் என் வேனில் ஏறியபோது சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. விமான டிக்கெட். போனில் இருப்பதை நம்பமாட்டார், எல்லாவற்றையும் அச்செடுத்துத்தான் வைத்துக்கொள்வார். சனிக்கிழமை மதுரைக்கு, மருதப்பன் பேரில்.

"பெர்மிட்ட கேன்சல் பண்ணிடறேன் தம்பி. கோவத்துல சொல்லல. அவன் இங்க இருந்தா செத்துப்போவான். ஊருக்குப் போகட்டும், உயிரோட இருக்கட்டும்."

"ஊர்ல வெயில் இல்லையா பாய்?" என்றேன்.

"என் கொட்டகையில சாக வேணாம்கிறேன்."

பின்னால் பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஜைனப் அக்கா, "கோவம் இல்லேன்னு காலையில இருந்து ரெண்டு தடவை சொல்லிட்டீங்க" என்றார். வேனில் டிவி இல்லாததால் பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா ஃபிளாஸ்கில் பார்லித் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். மருதப்பன் கண் குழி விழுந்து, இரண்டு கையிலும் ஊசி குத்தின தடத்தோடு உட்கார்ந்திருந்தான். சிறுநீரகம் தேறிவிட்டது, நாளைக்கு விட்டுவிடுவோம், இரண்டு வாரம் கனமான வேலை கூடாது என்று நர்ஸ் சொன்னார்.

"எத்தனை போச்சும்மா?" அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நான் ஒன்று என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார். "மூணு. ரெண்டு குட்டி வீசிருச்சு. சீமாட்டி நல்லா இருக்கா."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அக்கா அவனை அவசரப்படுத்தவில்லை. ஃபிளாஸ்க் மூடியில் பார்லித் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏன்ப்பா வெளிய வரல?"

"ஆடு உள்ள கெடந்து தவிச்சுச்சும்மா. எதுக்குத் தவிக்குதுன்னு எனக்குப் புரியல. இடிக்குப் பயந்துக்கிட்டு நிக்குதுன்னு நெனச்சேன். கூட நின்னு தடவிக் குடுத்தா அடங்கும்னு நின்னேன். மழை விட்டுருச்சுன்னு தெரியும். ஆனா ஜொகூர்ப் பக்கம் இன்னும் கருப்பா இருந்துச்சு. தெறந்தா மறுக்க வந்துருமேன்னு பாத்தேன்."

"மழைன்னா உனக்கு ஏன் அப்படி ஒரு பயம்?"

"மழைதானம்மா என்னைய இங்க கொண்டாந்துச்சு." அவன் பார்லித் தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடித்தான். "தை மாசம். அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போட்டிருந்தோம். தையில எவனாச்சும் மழைய நெனப்பானா? அஞ்சு நாளு விடாம ஊத்துச்சு. ஒதுங்க ஒரு மேடு இல்ல. நூத்தி முப்பது உருப்படியும் அம்புட்டு நேரமும் தண்ணிலயே நின்னுச்சு. மழை விட்டுச்சு, தப்பிச்சோம்னு இருந்தோம். பதினஞ்சு நாள் கழிச்சு ஒவ்வொண்ணா வாய் வீங்குது. நாக்கு நீலமாப் போகுது. குளம்பு வெடிச்சு நடக்க மாட்டேங்குது. தோள்ல தூக்கிக்கிட்டு டாக்டர் கிட்ட ஓடுவேன், திரும்பி வாரதுக்குள்ள இன்னும் ரெண்டு கெடக்கும். முப்பத்தொண்ணு மிஞ்சுச்சு."

"யா அல்லா" என்றார் அக்கா.

"சரி, முப்பத்தொண்ணு இருக்குல்ல, பெருக்கிருவோம்னு எங்கப்பாரு சொன்னாரு. அடுத்த சித்திரையில வெயிலு நாப்பத்திரெண்டு. நெழலுக்கு ஒரு மரம் இல்லாத பொட்டல்ல மேச்சுக்கிட்டு நின்னவரு, தலை சுத்துதுன்னு உக்காந்தாரு. எந்திரிக்கல. ஆட்டை மழை கொண்டு போச்சு, அப்பாவ வெயில் கொண்டு போச்சு. ரெண்டுமே அது அது நேரத்துல, அது அது அளவுல வந்திருந்தா நான் எதுக்கும்மா கடல் தாண்டி வாரேன்?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வானிலையைப் பற்றி அழகேசனோடு நான் பேசிய பேச்செல்லாம் நினைவு வந்து வெட்கமாக இருந்தது.

"பாய் டிக்கெட் போட்டுட்டாருன்னு கேள்விப்பட்டேன்" என்றான். "அவரு மேல தப்பில்லம்மா. ஆடு செத்தா மேய்ச்சவன் மேலதான் வரும். ஆனா ஊர்ல எனக்கு ஒரு ஆடுகூட இல்ல. ஆடு இல்லாம எனக்கு ஒரு வேலையும் தெரியாது. நான் போயி என்னத்தச் செய்வேன்?"

"அந்த டிக்கெட்ட நான் பாத்துக்கறேன். நீ குடி" என்றார் ஜைனப் அக்கா.

அவர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதை மறுநாள் நான் என் கண்ணால் பார்த்தேன். புதன்கிழமை காலையில் மழை பெய்து, பதினோரு மணிக்கு வெயில் அடித்தது. கொட்டகையின் கிழக்குக் கோடியில் குட்டிகளை அடைக்கிற அறை அப்போது காலியாக இருந்தது. அக்கா அதற்குள் இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டார். அதன் படுதாக்களை ஒவ்வொன்றாக இறக்கினார். விசிறியை அணைத்தார்.

"இப்ப என்ன செய்யப் போறே?" என்றார் பாய்.

"நாம ரெண்டு பேரும் உள்ள உக்காரப் போறோம். பத்து நிமிஷம்."

"உனக்குப் பைத்தியமா ஜைனபு?"

"அறிவு இருந்தா வெளிய வந்திருப்பான்னு சொன்னீங்கல்ல. உங்களுக்கு அறிவு இருக்கு, எனக்கும் கொஞ்சம் இருக்கு. எப்படி வர்றோம்னு பாப்போம். வாகீசா, நீ வெளிய நின்னு போன்ல டைம் பாரு."

பாய் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். இருவரும் உள்ளே போனார்கள். படுதா விழுந்தது.

இரண்டு நிமிடம் வரை பாய் பேசிக்கொண்டிருந்தார். படுதாவின் கனம், அதை வாங்கின கடை, எல்லாம். மூன்றாவது நிமிடத்தில் பேச்சு குறைந்தது. நாலாவது நிமிடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. வெளியே நின்ற எனக்கே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

"எவ்வளவு ஆச்சு?" பாயின் குரல்.

"அஞ்சு, பாய்."

"உன் போன் ஸ்லோ லா."

ஆறாவது நிமிடம் அவர் இருமினார். "தெறந்து விடு வாகீசா."

"தெறக்காதே தம்பி" என்றார் அக்கா. அவருடைய குரலும் கம்மியிருந்தது. நான் படுதா ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேருக்கும் பிரஷர் மாத்திரை வாங்கிக் கொடுப்பவன் நான்.

"எனக்கு வயசாச்சு ஜைனபு. தலை சுத்துது."

"வெளிய போகணும்னு தோணுதா?"

"தோணுது."

"அவனுக்கு ஏன் தோணல?"

உள்ளே இளைப்பு மட்டும் கேட்டது.

"நீங்க ஏழு நிமிஷத்துல போறேங்கிறீங்க. அவன் முக்கா மணி நேரம் இருந்திருக்கான். உங்களுக்கு இங்க யாரும் இல்ல, ரெண்டு நாற்காலிதான். அவனுக்கு நாப்பத்தாறு ஆடு இருந்துச்சு. விட்டுட்டு வர முடியல. அவன் அறிவு கெட்டவனா? படுதாவை இறக்குன்னு சொன்னது யாரு? சுவிட்ச அணைன்னு சொன்னது யாரு? நீங்க போட்ட சட்டம் ரெண்டையும் ஒரு எழுத்து விடாமச் செஞ்சான். அதனாலதான் விழுந்தான். அவனை அனுப்புறதா இருந்தா இன்னொரு டிக்கெட்டும் போடுங்க. நானும் எங்க உம்மா ஊருக்குப் போறேன்."

அதற்கு மேல் நான் காத்திருக்கவில்லை. எட்டாவது நிமிடம் படுதாவைத் தூக்கிவிட்டேன். பாய் சிவந்த முகத்தோடு வெளியே வந்து மாமரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தார். அக்கா பின்னாலேயே வந்து, முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு டம்ளர் குடித்த பிறகு பாய், "படுதா நான் வாங்கினது" என்றார். சற்று நேரம் கழித்து, "சுவிட்சும் நான் சொன்னதுதான்" என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். ஆனால் சட்டைப் பையில் டிக்கெட் அப்படியே இருந்தது.

"மூடினா வேகுது. மூடாட்டி நனையுது. மழை வந்தா என்ன பண்றது, சொல்லு."

"என்னையக் கேக்காதீங்க. மழைய அவனுக்குத்தான் நல்லாத் தெரியும். அவனைக் கேளுங்க."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மருதப்பன் தன் பெட்டியை எடுத்துப்போக வந்தான். அப்படித்தான் நினைத்து வந்திருந்தான். பாய் அவனைக் கொட்டகை முன்னால் நிறுத்தி, "மூடக் கூடாது, ஆடும் நனையக் கூடாது. என்ன வழி?" என்றார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

மருதப்பன் கொட்டகையைச் சுற்றி ஒரு நடை போய் வந்தான். கூரை விளிம்பையும் தரையையும் பார்த்தான். குனிந்து கொஞ்சம் புல்லைக் கிள்ளி ஊதிவிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான்.

"படுதாவை எறக்காம வெளிப்பக்கமா நீட்டுவோம் பாய். கீழ் ஓரத்தத் தூக்கிக் கம்பு குடுத்து, எட்டடி தள்ளிக் கட்டிருவோம். கிடையில குட்டிகளுக்குக் கூடாரம் அப்படித்தான் போடுவோம். மழை வழிஞ்சு வெளிய ஓடிரும், காத்து அடியில வரும். கம்பு வேணும், பதினாறு."

"நீ வேலை செய்யக் கூடாது" என்று சொன்ன அக்கா, முந்தின நாள் பாய் உட்கார்ந்த அதே சிவப்பு நாற்காலியைக் கொண்டுவந்து மாமரத்தடியில் போட்டார். "உக்காந்து சொல்லு. அவங்க கட்டுவாங்க."

அப்படித்தான் நடந்தது. முதலாளி ஏணியில், தொழிலாளி நாற்காலியில், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு. "பாய், அந்த முடிச்சு நிக்காது, அவுத்துட்டு மறுக்கப் போடுங்க" என்று மருதப்பன் தயங்கித் தயங்கிச் சொல்வான். பாய் பல்லைக் கடித்துக்கொண்டு மறுக்கப் போடுவார். பதினோரு மணிக்கு அக்கா போனில் வெப்ப அளவைப் பார்த்து, எல்லோரும் இறங்குங்கள் என்றார். மூன்று மணி வரைக்கும் யாரும் வெயிலில் நிற்கக் கூடாதாம். இனி தினமும் அதுதான் சட்டமாம்.

"அப்போ மதியப் பால்?" என்றேன். "அழகேசன் கேட்பாரே."

"நாலு மணிக்குத்தான் வரும்னு சொல்லு. வேணாம்னா வேற கடை பாத்துக்கறோம்னு சொல்லு." அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் இருந்த தெனாவட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அழகேசனிடம் அப்படியே சொன்னேன், கூடக் கொஞ்சம் காரமும் சேர்த்து.

மூன்றேகாலுக்கு மறுபடி தொடங்கினோம். கிழக்கும் வடக்கும் தெற்கும் முடிந்து, மேற்குப் பக்கம் மட்டும் மிச்சம். அந்தப் பக்கத்துப் படுதா இன்னும் சுருட்டியபடி பழைய முடிச்சிலேயே இருந்தது. அப்போதுதான் கடலுக்கு அந்தப் பக்கம் கருத்தது. இங்கே மழை வந்தால் எங்களைத் தொட்டுவிட்டுத்தான் ஊருக்குள் போகும். ஒரு குளிர்ந்த காற்று வந்தது. இடி இடித்தது. அக்கா போய் மெயின் சுவிட்சை அணைத்தார். விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

மருதப்பன் நாற்காலியில் இல்லை. மேற்குப் பக்கம் முடிச்சுக்குக் கீழே நின்றான். அவன் கை முடிச்சில் இருந்தது. இழுத்தால் போதும், படுதா விழுந்துவிடும்.

 பாய் வாயைத் திறந்தார், அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மழை கடல்மேல் வெள்ளையாக நடந்து வருவது எங்களுக்குத் தெரிந்தது. மருதப்பனின் விரல்கள் கயிற்றைச் சுற்றிக்கொண்டன. நூறு ஆடுகளைப் பறிகொடுத்த கை, அவ்வளவு சுலபமாக விடுமா? இறக்கித் தொலை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவன் கையை எடுத்தான்.

எடுத்துவிட்டுப் பலகைமேல் ஏறி உள்ளே போனான். அந்த ஓரத்தில் இருந்த ஆடுகளை, "த்தே, த்தே" என்று நடுப்பக்கமாகத் தள்ளினான். பிறகு திறந்த பக்கத்தில், மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மழை அறைந்தது. பாய் ஏணியைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றார். அக்காவும் போனார். நான் ஒரு கணம் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். அப்பா எங்கிருந்தாலும் மன்னிக்கட்டும். நான்கு பேரும் தோளோடு தோள் ஒட்டி, ஒரு படுதாவின் அகலத்துக்கு நின்றோம். முழுவதும் மறைக்க முடியவில்லை. எங்கள் இடைவெளிகளில் சாரல் உள்ளே போய் நாலைந்து ஆடுகள் நனைந்தன. மருதப்பன் ஒவ்வொரு இடிக்கும் கண்ணை மூடினான், ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

இருபது நிமிடத்தில் மழை நின்றது. சொல்லிவைத்தாற்போல் வெயில் வந்தது. தகரம் சுட்டது, தரையிலிருந்து ஆவி கிளம்பியது. போன வெள்ளிக்கிழமை ஆடுகளைக் கொன்றது இந்த நேரம்தான். யாரும் நகரவில்லை. நீட்டிக் கட்டிய மூன்று படுதாக்களின் அடியிலும் காற்று புகுந்து, திறந்த மேற்குப் பக்கமாக வெளியே போனது. என் ஈரச் சட்டை சிலுசிலுத்தது.

மருதப்பன் ஆடுகளின் நடுவில் குந்தி உட்கார்ந்தான். நனைந்த ஆடுகளைச் சாக்கால் துடைத்தான். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான். எங்களுக்கும் கேட்டது. முதலில் சீமாட்டி. அப்புறம் அவள் பக்கத்தில் இருந்தது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரம்பித்து, கொட்டகை முழுவதும் அரைக்கிற சத்தம்.

"அசை போடுதும்மா" என்றான். அழுதான். அதை மறைக்கவும் இல்லை.

அக்கா ஒரு ஆட்டுக்குக் காய்ச்சல் பார்த்தார். முப்பத்தொன்பது. பிறகு நெற்றியில் காட்டுகிற கருவியால் மருதப்பனுக்கும் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் நார்மல்" என்றார். பாய் சட்டைப் பையில் கையை விட்டார். டிக்கெட் கூழாகியிருந்தது. அதைப் பிழிந்து உருட்டி வாளியில் போட்டுவிட்டு, "மேக்கால கட்ட இன்னும் நாலு கம்பு குறையுது. நாளைக்கு எங்க வாங்கலாம்?" என்று மருதப்பனைக் கேட்டார்.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மேகம் கருத்து ஏறிக்கொண்டிருந்தது. மருதப்பன் அதை நிமிர்ந்து பார்த்தான். மூன்று வருடத்தில் அவன் ஒரு மேகத்தைப் பார்த்துவிட்டு ஓடாமல் உட்கார்ந்திருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"வரட்டும் பாய்" என்றான். "இனி எறக்க மாட்டேன்."